ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை

ஜூன் 2

டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை. காலையில் சொருகியதும் வழக்கம்போல எல்லா முனைகளும் ஒருமுறை எழும்பின. எழும்பியவை இறங்கவில்லை. மூன்று முறை பிடுங்கிச் சொருகினேன், கேபிளை மாற்றினேன், கொஞ்சம் திட்டியும் பார்த்தேன். அப்படியே நிற்கிறது.

புதிது கேட்டு ஏதாவது டிரஸ்டுக்கு விண்ணப்பம் எழுத வேண்டிவரும். அதை இங்கேயே எழுதிப் பழகிக்கொள்கிறேன். ஐயா, நான் பூரணி, வயது முப்பத்தாறு, பிறவியிலேயே பார்வை இல்லை. கணினித் திரையில் இருக்கும் ஒரு வரியை வாங்கி, சின்னச் சின்ன முனைகளை மேலே தள்ளி, விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்தாக மாற்றுகிற பட்டை என்னிடம் இருந்தது. நாற்பது கட்டம், கட்டத்துக்கு எட்டு முனை. செய்த வெளிநாட்டுக் கம்பெனி மூடி ஐந்து வருடம் ஆகிறது. கணினியிலிருந்து அந்தப் பட்டைக்கு எழுத்துகளை அனுப்பும் டிரைவர் என்கிற நிரலை எழுதியது நான்தான்.

"டிரைவர் எழுதுறேன்" என்று சொன்னதைக் கேட்டு, கீழ்வீட்டு அம்மா எனக்கு டிராவல்ஸ் தொழில் என்றே முடிவுகட்டிவிட்டார். கண் தெரியாத பொண்ணு கார் விடுது பாருங்க என்று தெருவெல்லாம் பெருமை வேறு. திருத்த எனக்குத் தெம்பில்லை.

இப்போதைக்குக் கணினியின் குரலை வைத்து வேலை பார்க்க வேண்டும். அது ஒவ்வொரு அடைப்புக்குறியையும் படிக்கிற தொனியில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது. பால் திரிந்துவிட்டது.

ஜூன் 3

ரிச்சி தெருவுக்குப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை ஜாபர் பட்டையைத் திறந்து பத்து நிமிடம் நோண்டினான்.

"அக்கா, மெமரி தனியா இருந்தா மாத்திக் குடுத்துருவேன். இது பிராசஸருக்குள்ளயே கீது. லாக் வேற போட்டு வச்சிருக்கான்."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"ஆன் பண்ணதும் செட்டிங்கைப் படிக்கப் போவுதுக்கா. அந்த எடம் தேஞ்சு போச்சு. படிக்க முடியல, அப்பிடியே நின்னுருது. இதே சிப்பை மீட்டர் போர்டுல பாத்துருக்கேன். ஒரு லட்சம் தடவ எழுதலாம், அதுக்கு மேல தாங்காது. எவனோ ஒரே எடத்துல எழுதி எழுதித் தேச்சிருக்கான்."

"யாரு எழுதியிருப்பா?"

"உன் சாப்ட்வேர்தான்க்கா. வேற யாரு வந்து எழுதப் போறான்?"

நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு போனார், சண்டை போடாமல் இறங்கினேன்.

ஜூன் 4

என் டிரைவரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குரலில் கேட்டேன். ஒரு வரியில் சிக்கல் இருக்கிறது.

ஞானமுத்து சாரைப் பற்றி எழுதியாக வேண்டும். தெற்கே நாசரேத்தில் தங்கை ரோஸ்லினோடு இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. நாற்பதுக்கு முன்பே காதும் போய்விட்டது. பிரெய்ல் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது வேலை. என்னிடம் இருக்கும் அதே மாடல் டிஸ்ப்ளே அவரிடமும் உண்டு. எனக்கு அது வசதி. அவருக்கு மனிதர்கள் பேசுவது, செய்தி, வேதாகமம், வேலை எல்லாமே அந்த நாற்பது கட்டம்தான். ரோஸ்லின் உள்ளங்கையில் விரலால் எழுதுவார், ஆனால் சாப்பாடு, குளி, ஆள் வந்திருக்கு, இந்த அளவில்தான்.

மே மாதம் அவர் எழுதியிருந்தார்: விரல் நுனிகளில் தோல் வெடித்துவிட்டது, முனைகள் குத்துகின்றன, மிருதுவாக வைத்தால் ஒவ்வொரு தடவை சொருகும்போதும் பழையபடி கடினமாகிவிடுகிறது, ஏதாவது செய்ய முடியுமா மேடம்?

முடியும். பட்டைக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, அழுத்தத்தை இப்போதைக்கு மாற்றும். இன்னொன்று, மாற்றி நிரந்தரமாகச் சேமித்தும் வைக்கும். நான் இரண்டாவதைப் போட்டேன். சொருகும்போது ஒரே ஒரு முறை அனுப்பியிருந்தால் போதும். வரி அனுப்பும் இடத்தில் வைத்துவிட்டேன். அவர் ஒரு வரி படிக்கும்போதெல்லாம் அதே இடத்தில் ஒரு முறை சேமிப்பு.

மே 10ஆம் தேதி அவர் கணினியில் ஏற்றினேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் வரியாவது படிப்பார். இன்றோடு இருபத்தைந்து நாள். பெருக்கிப் பார்த்தேன், இன்னொரு முறையும் பெருக்கிப் பார்த்தேன். என்னுடையது முதலில் போனதற்குக் காரணம், அவருக்குக் கொடுக்கும் முன் ஒரு சனி ஞாயிறு முழுக்க நானே அதைச் சோதனைக்கு ஓடவிட்டது. பார்த்துப் பார்த்துச் சோதித்தேன். இந்த டிரைவர் இன்னும் வெளியே யாருக்கும் போகவில்லை. உலகத்தில் இரண்டே பட்டையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் அவருக்கு மெயில் போட்டேன். "உங்கள் டிஸ்ப்ளேவுக்கு வயதாகிவிட்டது சார். கொஞ்சம் குறைத்துப் பயன்படுத்துங்கள், இடையிடையே ஓய்வு கொடுங்கள். நாளை மதியம் நான் உள்ளே வந்து டிரைவரைப் புதுப்பிக்கிறேன்."

வயதாகிவிட்டது என்பதும் உண்மைதானே.

ஜூன் 5

நேரம் மட்டும் எழுதுகிறேன்.

காலை 7.20. அவர் பதில். "மேடம், உங்களுக்கு எவ்வளவு அக்கறை! எனக்கும் வயதாகிறது, அதற்கும் வயதாகிறது. இனி மத்தியானம் சாப்பிடப் போகும்போது அதை அணைத்து வைக்கிறேன். இரண்டு பேரும் ஓய்வெடுக்கிறோம்."

காலை முழுக்கத் திருத்திய டிரைவரைத் தயார் செய்தேன். சோதித்துப் பார்க்க என்னிடம் பட்டை இல்லை.

1.05. அவர் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்து, பட்டையின் நிலை என்ன என்று கேட்டேன். சேமிப்பு நினைவகத்தில் பிழை என்று பதில் வந்தது. காலையில் ஒழுங்காகத் தொடங்கியிருக்கிறது, மதியத்துக்குள் தேய்ந்துவிட்டது. மின்சாரம் இருக்கும்வரை ஓடும், அணைத்துவிட்டால் திரும்ப எழாது. சார் அப்போதும் படித்துக்கொண்டிருந்தார். வரிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

1.10. அணைக்காதீர்கள் என்று சொல்ல உட்கார்ந்தேன்.

1.47. அனுப்பினேன்.

1.30க்கே அணைத்துவிட்டார்.

ஜூன் 6

ரோஸ்லின் போன் செய்தார். "மேடம், அண்ணன் மிசினு எந்திரிக்கவே மாட்டேங்கு. முள்ளு முள்ளா நிக்கி. அண்ணன் சாப்பிடாம அதயே தடவிக்கிட்டு இருக்காவ. நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தே சரி பண்ணிருவியளாம்லா?"

இல்லை என்று சொன்னேன். புதிதுக்கு விண்ணப்பம் போடலாம், கையில் கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்றும் சொன்னேன்.

"ஆறு மாசத்த அண்ணனுக்குக் கையில எப்பிடி எழுதணும்னு யோசிக்கேன்" என்றார்.

ஜூன் 7

தூங்கினேன். துணி துவைக்கவில்லை.

ஜூன் 8

சாரிடமிருந்து மெயில்! பட்டை பிழைத்துக்கொண்டது என்று ஒரு நொடி நம்பினேன். பிழைக்கவில்லை. மடிக்கணினியின் விசைகள் அவருக்கு மனப்பாடம். எந்த விசைக்குப் பின் எந்த விசை என்று எண்ணி எண்ணி மெயிலைத் திறந்து, என் பெயரைத் தேர்ந்தெடுத்து, எழுதி அனுப்பியிருக்கிறார். என்ன எழுதினார் என்று அவருக்கே படிக்க முடியாது.

"பூரணி மேடம், இது உங்களுக்கு வருகிறதா என்று தெரியவில்லை. வந்தாலும் பதில் போட வேண்டாம், எனக்குப் படிக்க வழியில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான் அணைத்ததுதான் தப்பா? பதினோரு வருடமாக ராத்திரியில் மட்டும்தான் அணைப்பேன். பகலில் அணைத்தது அன்றுதான் முதல் தடவை. அதற்கு அப்புறம் எழவில்லை. நான் ஏதோ அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்."

பதில் எழுதி, அழித்து, எழுதினேன். பிறகுதான் உறைத்தது, யாருக்கு அனுப்பப் போகிறேன்? அவர் எழுதலாம், நான் படிக்கலாம். நான் எழுதுவது அவருக்குப் போய்ச் சேராது. எங்கள் தொழிலில் படிக்க மட்டும் முடிகிற, எதையும் எழுத முடியாத நினைவக இடங்கள் சில உண்டு. சாரை அப்படி ஒன்றாக்கி வைத்திருக்கிறேன்.

ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். "அவர் தப்பு இல்லைன்னு எழுதிச் சொல்லுங்க."

"சொல்லுதேன் மேடம்."

ஜூன் 9

ரோஸ்லின்: "எழுதினேன் மேடம். 'நீ சும்மா ஆறுதல் சொல்லுத, உனக்கு இதுல என்ன தெரியும்'னு சத்தம் போடுதாவ. நெசமாவே எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுல்லா."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ரோஸ்லினிடமாவது சொல்லியிருக்கலாம். குக்கர் விசில் அடித்தது, போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 11

இன்றைய மெயில் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. குரல் அதை ஒரு வார்த்தையாகப் படிக்கப் பார்த்துத் திணறியது. யாரோ அவர் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து அழிக்கப் போனேன். அப்புறம்தான் புரிந்தது, தமிழுக்கு மாற்றும் விசையை ஒருமுறை கூடுதலாக அழுத்திவிட்டார். அது அவருக்குத் தெரிய வழியில்லை. விரல் தமிழில் அடிக்க, கணினி ஆங்கிலத்தில் வாங்கியிருக்கிறது.

ஒவ்வொரு எழுத்தாக, இந்த விசையில் தமிழில் என்ன இருக்கிறது என்று என் விசைப்பலகையைத் தடவிப் பிரித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. வந்த செய்தி இதுதான்: "பிரஸ்ஸில் இருந்து புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள் என்று ரோஸ்லின் கையில் எழுதினாள். சரிதான், அவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள். மேடம், நான் அணைத்தபோது ஏதாவது எழுதிக்கொண்டிருந்ததா உள்ளே? பாதியில் நிறுத்திவிட்டேனா? அதனால்தான் கெட்டதா?"

நல்ல கேள்வி. என்னுடன் வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு இப்படிக் கேட்கத் தெரியாது.

ஜூன் 12

டிரஸ்டுக்கு விண்ணப்பம் போட்டேன், சார் பெயரில். எனக்கென்று ஒன்று கேட்கவில்லை. இது தியாகம் எல்லாம் இல்லை. என் பெயரையும் போட்டால் "கருவி பழுதானதற்குக் காரணம்" என்ற கட்டத்தை இரண்டு முறை நிரப்ப வேண்டும். சார் படிவத்தில் "பழையது" என்று எழுதினேன்.

ஜூன் 14

சரி, எழுதிவிடுகிறேன்.

இந்த டிரைவரை வெளியிடும் முன் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது இம்தியாஸின் வேலை. மே 12ஆம் தேதி அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான். "இந்தச் சேமிப்புக் கட்டளை ஒவ்வொரு வரிக்கும் எதற்கு?" நான் எழுதிய பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது. "ஒரு பாதுகாப்புக்குத்தான். பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும் இதன் அருமை." பார்வை உள்ளவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா என்ற திமிர். அவன் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை, டிரைவரை ஏற்கவும் இல்லை.

அது சாரின் பட்டையில் ஏறி இரண்டே நாள் ஆகியிருந்தது. அன்று நான் நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இன்னொன்று. ஜூன் 5ஆம் தேதி 1.10லிருந்து 1.47 வரை நான் என்ன செய்தேன்? தொலைவிலிருந்தே அவர் பட்டையில் "அணைக்காதீர்கள்" என்று ஒரு சொல்லை எழுப்பியிருக்கலாம். பத்து விநாடி வேலை. ஏன் என்று கேட்பாரே. அந்த ஏனுக்கு என் பெயர் வராத ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். மின்னழுத்தம் என்று எழுதினேன், அழித்தேன். மென்பொருள் புதுப்பிப்பு என்று எழுதினேன், அழித்தேன். முப்பத்தேழு நிமிடம் அழகாக வார்த்தை கோத்தேன்.

ஓய்வு கொடுங்கள் என்று சொன்னதும் நான்தான். சொன்னபடி செய்தார்.

ஜூன் 16

மெயில்: "இன்றும் தப்பைப் பற்றித்தான் யோசித்தேன்."

அவ்வளவுதான், ஒரு வரி.

ஜூன் 17

ரோஸ்லின் போன். நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவருக்கு. பகலெல்லாம் சார் தனியாக இருக்கிறார். "முன்னால நான் வந்ததும் அன்னைக்குப் படிச்சத எல்லாம் சொல்லுவாவ. இப்ப ஒண்ணும் இல்ல மேடம். சுவரப் பாத்து உக்காந்துருக்காவ. ராவெல்லாம் செபம். 'ஆண்டவரே நான் கெடுத்துட்டேன்'னு சத்தமாச் சொல்லுதாவ. அவியளுக்குத்தான் சத்தம் தெரியாதே, தெருவுக்கே கேக்கு."

"நான் வரேன்" என்றேன்.

"வந்து எப்பிடிப் பேசுவிய?"

அதற்கு ஒரு யோசனை இருந்தது. பிரெய்ல் தட்டச்சுக் கருவியில் ஆறு விசைகள். இரண்டு கையிலும் மும்மூன்று விரல்களால் அழுத்துவோம். விசை இல்லாவிட்டால் என்ன, அவருடைய ஆறு விரல்கள் இருக்கின்றனவே. அவற்றின் மேலேயே அழுத்தலாம்.

ஜூன் 19

டிக்கெட் கிடைத்தது. மேல் பர்த். அலுவலகத்தில் "உறவினர் உடல்நலம்" என்று எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஜூன் 21, நாசரேத் ஸ்டேஷன்

ரயில் தாமதம் என்கிறார்கள். இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

காலையில் ரோஸ்லின் வந்து கூட்டிப் போனார். சின்ன வீடு, பினாயில் வாசனை. ரோஸ்லின் அவர் கையைப் பிரித்து "பூரணி" என்று எழுதினார். சார் எழுந்துவிட்டார். "மேடமா? மெட்ராஸ்ல இருந்தா? எனக்காகவா வந்திய? உக்காருங்க, உக்காருங்க. ரோஸ்லின், காப்பி போடு!" தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்தித்தான் பேசுகிறார். அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

எதிரே உட்கார்ந்து அவர் ஆறு விரல்களின் மேல் என் ஆறு விரல்களை வைத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஏ, தட்டச்சு! நல்ல யோசனைலா!" நான் எ அழுத்தினேன். "ஈ" என்றார். மறுபடி எ. "ஈ. ஈயா?" எதிரே உட்கார்ந்ததால் என் இடது அவருடைய வலது ஆகிவிட்டது, எழுத்து கண்ணாடியில் திரும்பியதுபோல் திரும்பிவிட்டது. என்னைவிட முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார். "பக்கத்துல வந்து உக்காருங்க மேடம்" என்று சிரித்தார். ரோஸ்லினும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, பின்னாலிருந்து கையைச் சுற்றிப் போட்டு, விரல்மேல் விரல் வைத்தேன். அவர் விரல் நுனிகளில் வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

மெதுவாக அழுத்தினேன். அவர் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். ரயிலில் இதையெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தேன், இதை மட்டும் நினைக்கவில்லை. நான் மனதுக்குள் வைத்திருந்ததெல்லாம் அவர் குரலில், தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"உ... ங்... க. உங்க. த... ப்... பு. தப்பு. இ... ல்... ல." நிறுத்தினார். "இல்லையா? நெசமாவா மேடம்?"

"எ... ன். என். த... ப்... பு."

"உங்க தப்பா? அதெப்பிடி?"

ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை எழுதியதைச் சொன்னேன். ஒரு லட்சத்தைச் சொன்னேன். அணைத்தால் எழாது என்று எனக்கு முன்பே தெரிந்ததையும், முப்பத்தேழு நிமிடத்தையும் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் காப்பி ஆறி, குடித்தபோது உதட்டில் ஆடை ஒட்டியது. அவர் குரல் போகப் போக இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுத்துகளைச் சொன்னார், வார்த்தையாகச் சேர்த்துச் சொல்லவில்லை.

அப்புறம் கேட்டார். "நாலாந் தேதியே ஏன் சொல்லல?"

ப, ய, ம் அழுத்தினேன்.

"பயம்" என்றார். "பதினாறு நாளா நான் ஆண்டவர்ட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன் மேடம். நான் அணைச்சதுக்கு."

சொல்லிவிட்டு என் விரல்களுக்கு அடியிலிருந்து கைகளை உருவிக்கொண்டார். தேடிப் பார்த்தேன், இரண்டையும் மூடி மடியில் வைத்திருந்தார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர் மணிக்கட்டைத் தொட்டேன், இழுத்துக்கொண்டார். ரோஸ்லின் போய் விரலைப் பிரிக்கப் பார்த்தார், விடவில்லை. "அண்ணன் கையத் தர மாட்டேங்காவ மேடம்" என்றார். அவர் குரலும் மாறியிருந்தது. அவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாரே.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

சார் சுவர்ப் பக்கம் திரும்பிக் கேட்டார். "ரோஸ்லின், அவிய போயிட்டாவளா?"

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். "இல்ல சார், இங்கதான் இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன். ரோஸ்லினுக்குத்தான் கேட்டது.